என் முடியும் எங்கள் அணியின் செப்டம்பரும்

எங்கள் அணி அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்தே தோற்க ஆரம்பித்திருந்தது. எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. மைதானம் நாங்கள் குடியேறியிருந்த சான் ரமோனிலிருந்து ரொம்பத் தூரமில்லை, டிக்கெட் எப்போது போனாலும் கிடைக்கும் என்கிற இரண்டு காரணங்களுக்காகத்தான் அந்த அணியையே நான் தேர்ந்தெடுத்திருந்தேன். டிக்கெட் எப்போதும் கிடைப்பது ஏன் என்று யோசிக்கும் வயதை அப்போதே தாண்டியிருந்தேன்.

சென்னையில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் பேஸ்பாலுக்கு மாறுவது, காபி குடித்தவன் டீக்கு மாறுவது போலத்தான். முதல் மாதம் திட்டிக்கொண்டே குடிப்பான். அப்புறம் அது இல்லாமல் பேப்பர் படிக்க முடியாது. நான் மாறியதோடு நிற்காமல் அந்த ஆண்டு பத்து வயதான என் பெண்ணையும் சின்ன வயதிலேயே இழுத்துக்கொண்டேன். தோற்கும் அணியின் ரசிகை என்கிற பட்டம், ஓர் அப்பா பெண்ணுக்கு விட்டுப்போகும் சொத்துகளில் பரவாயில்லாத ரகம் என்று நினைத்தேன். கூடவே நம்மூர்ச் சட்டதிட்டங்களையும் கற்றுக்கொடுத்தேன். அவற்றில் முக்கியமானது, நம் ஆள் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது பார்த்துக்கொண்டிருக்கும் யாரும் இடம் மாறக் கூடாது என்பது. எங்கள் தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டுக்கு மேட்ச் பார்க்க வந்த ஒருவர், ஒரு செருப்பைக் கழற்றிய நேரத்தில் பார்ட்னர்ஷிப் களைகட்டிவிட்டதால், மற்ற செருப்போடு வாசற்படியிலேயே தேநீர் இடைவேளை வரை நிற்க வைக்கப்பட்டார். இந்தக் கதையை என் பெண் பலமுறை கேட்டு வாங்கியிருக்கிறாள். நான் சிரிப்புக்காகச் சொன்னேன். அவள் விதியாக எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் என்னவோ நடந்தது. எங்கள் அணி ஜெயிக்க ஆரம்பித்தது. முதலில் ஏதோ தவறு என்று நினைத்தோம். செப்டம்பர் பிறந்தபோது, மாதக் கடைசிக்குள் எங்களுக்கு முன்னால் இருந்த ஒரே ஓர் அணியைத் தாண்டிவிட்டால் போதும், அக்டோபரில் நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களுக்குள் நுழைந்துவிடலாம் என்கிற நிலை. என் பெண் சாப்பாட்டு மேஜைக்கு ரேடியோவைக் கொண்டுவர ஆரம்பித்தாள்.

அப்படி ஓர் இரவு, சாம்பார் சாதத்துக்கும் ரேடியோ விளம்பரத்துக்கும் நடுவே, என் எஸ்.எஸ்.எல்.சி. கதையைச் சொன்னேன். நான் கணக்கில் தேறினால் என் தலைமுடியைத் தருவதாக அம்மா திருப்பதிப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. நான் தேறினேன். கல்லூரியில் முதல் நாள் மொட்டைத் தலையோடு போய் உட்கார்ந்தேன். பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, அடுத்தவர் முடியை வைத்து வேண்டிக்கொள்வது அனுமதிக்கப்பட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். தாராளமாக, நம்மூரில் அதுதான் வழக்கம் என்றேன். விளைவுகளை யோசிக்காமல் பதில் சொல்வது என் பழைய வியாதி.

மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் சாமி அலமாரியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்தேன். ஸ்பெல்லிங் டெஸ்ட் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். காரில் ஏறியதும் சொன்னாள். எங்கள் அணி பிளேஆஃபுக்குள் போனால் அப்பா மொட்டை போட்டுக்கொள்வார் என்று வேண்டியாகிவிட்டது.

இந்த இடத்தில் என் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது கொடுத்த முடி, கொடுத்ததைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு அந்த உத்தரவாதம் கிடையாது. மிச்சமிருந்தது நெற்றிக்கு மேலே ஒரு மெல்லிய வரிசையும், அதை வலமிருந்து இடமாகப் பரப்பும் கலையும்தான். ஆபீசில் அடுத்த மாதம் புது மேனேஜர் முன்னால் ஒரு பிரசன்டேஷன் இருந்தது. மனைவியிடம் அதையே காரணமாகச் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. எடுத்துக்கொண்டதைப் பெருமாள் திருப்பித் தருவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

மனைவி முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேண்டிக்கிட்டா வேண்டிக்கிட்டதுதாங்க. இதுல அப்பீல் எல்லாம் கிடையாது" என்றாள்.

நான் அப்பீல் செய்தேன். எங்கள் ஊரை ஒட்டிய மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோயிலுக்கு ஆபீசிலிருந்து போன் பண்ணி, மைனர் குழந்தை செய்த பிரார்த்தனை செல்லுமா என்று பட்டரிடம் விசாரித்தேன். விஷயத்தை முழுதாகக் கேட்டுவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்.

"குழந்தை வேண்டிண்டா என்ன, பெரியவா வேண்டிண்டா என்ன? நன்னா செல்லும். ஆனா இங்க முடி எடுக்கற வசதி இல்லை சார். போன தடவை டிரெயினேஜ் குழாய் அடைச்சுண்டு ஏகப்பட்ட சிரமம். உங்காத்துலயே எடுத்துண்டு, ஸ்நானம் பண்ணிட்டு வந்துடுங்கோ." போனை வைப்பதற்கு முன், "டீம் எப்படி, தேறுமா?" என்றும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்றிலிருந்து நான் ஒரே பதிலைச் சொல்ல ஆரம்பித்தேன். தேறாது. அதுவரை வீட்டில் நான்தான் நம்பிக்கைவாதி. ஓர் அடிக்கு நாலு ரன்னுக்கு மேல் கிடைக்காத ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் ஏழு ரன் பின்னால் இருந்தாலும் ஒரு நல்ல அடி போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். இப்போது சாப்பாட்டு மேஜையில் எதார்த்தம் பேசத் தொடங்கினேன். பிட்ச்சர்களின் கை ஓய்ந்துவிட்டது, பந்து போகிற வேகத்தைப் பார்த்தால் தெரியவில்லையா என்றேன். பெரிய அடிக்காரன் தேவையில்லாத நாளில்தான் அடிப்பான் என்றேன். மீதி ஆட்டங்களில் பாதி வெளியூரில், விமானத்தில் போய்ப் போய்க் களைத்துவிடுவார்கள் என்றேன். சொன்ன எதுவும் பொய்யில்லை. அதுதான் இன்னும் உறுத்தல். மெய்யான காரணங்களைப் பொறுக்கி எடுத்து, ஒரு குழந்தையின் தட்டில் தினம் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். பதில் எல்லாம் நான் முந்தைய வருஷங்களில் சொல்லிக்கொடுத்தவை.

அணியோ ஜெயித்துக்கொண்டே போனது. ஜெயித்தால் பெண்ணோடு சேர்ந்து கைதட்டுவேன். கை தட்டும்போது மனசு எதிராளியின் பிட்ச்சரைப் பார்த்து, தம்பி, என்னப்பா பந்து போடுகிறாய் என்று கெஞ்சும். கிரிக்கெட்டிலும் அரசியலிலும் கட்சி மாறியவர்களை வாய்கிழியத் திட்டியவன் நான். அவர்களாவது வெளிப்படையாக மாறினார்கள். ஒருநாள் ஜெயித்த பிறகு மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜெயிச்சுட்டாங்க. நீங்க ஏன் இழவு வீட்டுல இருக்கற மாதிரி கை தட்டறீங்க?" என்றாள். பெண் திரும்பிப் பார்த்தாள். வாயுத் தொந்தரவு என்றேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்னால் இருந்த அணி கிழக்கே எங்கோ முன்பே ஆடித் தோற்றுவிட்டது. எங்கள் அணி அன்று ஜெயித்தால் உள்ளே, தோற்றால் வீட்டுக்கு. நானும் பெண்ணும் மைதானத்தில் இருந்தோம். ஓரத்து இருக்கையில் நான், பக்கத்தில் அவள். வெயில் நேரே முகத்தில் அடித்தது. நான் தொப்பியைக் கழற்றி, இருந்த முடியைத் தடவிக்கொண்டு, மறுபடி போட்டுக்கொண்டேன்.

எட்டாவது இன்னிங்ஸ் முடிந்தபோது எங்கள் அணி ஒரு ரன் முன்னால். ஒன்பதாவதில் எதிரணியின் மூன்று பேரை வெளியேற்றினால் முடிந்தது. முதல் ஆள் வெளியேறினான். இரண்டாவது ஆளும் வெளியேறினான். மூன்றாமவன் மட்டும் எப்படியோ முதல் தளம் வரை ஓடிப்போய் நின்றுகொண்டான். மைதானமே எழுந்து நின்றது. நானும் என் பெண்ணும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். ஆரம்பத்திலிருந்து உட்கார்ந்திருந்ததால் எழக் கூடாது. பாத்ரூம் போக வேண்டும் என்று ஆறாவது இன்னிங்ஸிலிருந்தே கால்களைப் பின்னிக்கொண்டிருந்தவள், அப்படியே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "டோன்ட் மூவ், அப்பா" என்றாள்.

நான் வேர்க்கடலை வாங்கி வருகிறேன் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சட்டைக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்து, படியேறிப் போனேன். கடலைக் கடையில் வரிசையே இல்லை. இருந்த ஒரே பையனும் கழுத்தை நீட்டி மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் மட்டையில் பந்து படும் சத்தம் கேட்டது. அதன் பிறகு பல்லாயிரம் பேர் சேர்ந்து மூச்சை விடும் சத்தம். அந்தப் பையன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

திரும்பி வந்தபோது பந்து வேலியைத் தாண்டிப் போயிருந்தது, எதிரணிக்கு இரண்டு ரன் சேர்ந்திருந்தது. எங்கள் ஆட்கள் கடைசியாக ஒருமுறை மட்டை பிடித்து, மூன்று பேரும் வந்த வேகத்தில் போனார்கள். கடலைப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

ஒருவன் இருக்கையை விட்டு எழுவதால் பந்து வேலியைத் தாண்டாது. எனக்குத் தெரியும், நான் இன்ஜினியர். ஆனால் தாண்டாது என்று நம்பியவன் எதற்காக எழுந்தான் என்ற கேள்விக்கு, வீடு திரும்பும் ஃப்ரீவே முழுக்கத் தேடியும் பதில் கிடைக்கவில்லை. பெண் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். பேச்சுக்கொடுக்க வேண்டுமே என்று, அவள் முடி நீளமாக, அழகாக இருக்கிறதே, அதை வேண்டிக்கொண்டிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

தன் முடி வளர்ந்துவிடும் என்றாள். உங்களுக்கு உங்கள் முடி ரொம்பப் பிடிக்கும், தினம் காலையில் பார்க்கிறேன். நமக்கு ரொம்பப் பிடித்ததைக் கொடுத்தால்தானே சாமி கேட்கும். அதோடு, அணி நம் இரண்டு பேருக்கும் பொது, உங்களுக்கும் ஜெயிக்க ஆசையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், பரவாயில்லை, மொட்டை போட்டுக்கொள்கிறேன், கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டேன். பெரிய தியாகம் செய்யும் குரல் எனக்கே கேட்டது. மாடிப்படியில் நின்றிருந்த பெண் அமைதியாகச் சொன்னாள். "நோ, அப்பா. தே லாஸ்ட். யூ கெட் டு கீப் இட்."

ஆக, முடி தலையிலேயே இருந்தது. பிரசன்டேஷனுக்கு அதை வலமிருந்து இடமாகப் பரப்பிக்கொண்டு போனேன். புது மேனேஜர் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் முழு வழுக்கை.

அடுத்த ஏப்ரலில் அணி மறுபடி தோற்க ஆரம்பித்தது. பெண் என்னோடு வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். மனைவியையும் கூட்டிவந்தாள். ஓரத்து இருக்கையை நோக்கி நான் போனபோது தோளில் கை வைத்து என்னை உள்ளே தள்ளி, நடுவில் உட்கார வைத்தாள். ஒரு பக்கம் மனைவி. மறுபக்கம் அவள் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி முன் இருக்கையின் முதுகில் வைத்துக்கொண்டாள். கேட் சாத்தியது போல.

அந்த வருஷம் எங்கள் அணிக்கு எந்த வாய்ப்பும் இல்லை. செப்டம்பரில் பாதி மைதானம் காலி. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஏழு ரன் பின்னால். இரண்டு கோக் குடித்துவிட்டுக் கால்களைப் பின்னிக்கொண்டிருந்த நான், எழுந்திருக்காமல், ஒரு நல்ல அடி போதும் என்று சொன்னேன். அவள் ஸ்கோர்போர்டைப் பார்த்தாள். நீட்டிய கால்களை மட்டும் எடுக்கவில்லை.