அப்பா பாலம் தாண்டிய வாரம்

போன மாதம் என் மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். நான் முற்றத்தில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போன்ற இரைச்சல். அது ஏறி, ஏறி, உச்சியில் நின்று, பிறகு 'டொம்' என்று அடங்கும். முப்பது வருடத்துக்கும் மேலாக நான் கேட்காத சத்தம். நூலை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன்.

அவளுடைய மடிக்கணினியில் அதே கார் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறச் சாலை, முக்கோணம் முக்கோணமாக மலை, ஒரே பச்சையில் தரை. மேகம் என்று மூன்று வெள்ளைக் கட்டம். இப்போது வருகிற விளையாட்டுகளில் மழைத்துளி கண்ணாடியில் வழிவதுகூடத் தெரிகிறது. இதில் மரம் எது, விளக்குக் கம்பம் எது என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இன்னும் இதை விளையாடுகிறவர்கள் உலகமெல்லாம் இருக்கிறார்களாம். புதுப்புதுச் சாலைகளைத் தாங்களே போட்டு, யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று இணையத்தில் போட்டி வைக்கிறார்களாம். மகள் சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்தக் காரை ஒருமுறை ஓட்டியவர்களுக்கு அது தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சரக்குக் கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலையில் இருந்தார். விடுமுறைக்கு வந்தவர், துறைமுகத்தில் ஏதோ ஒரு அலுவலகம் வேண்டாம் என்று ஒதுக்கிய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் தெருவில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். அம்மா அதை மாதா படத்துக்குக் கீழே இருந்த மேசையில் வைத்து, ஓரத்தில் பூப்பின்னல் வைத்த துணியால் மூடினாள். படத்துக்குக் கீழே இருப்பதால் கால் கழுவாமல் யாரும் அதைத் தொடக்கூடாது என்றாள். அதில் எழுதலாம், கணக்குப் போடலாம் என்று மாமா சொன்னார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கார் ஒன்றுதான்.

அந்தச் சாலையின் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பாலம் வரும். நடுவில் அறுந்த பாலம். வேகம் குறைந்தால் கார் கீழே விழும். சரியான வேகத்தில் போனால் பறந்து அந்தப் பக்கம் இறங்கும். இறங்கும்போது வயிற்றுக்குள் ஒரு கூச்சம் வரும் பாருங்கள், வள்ளம் அலையின் உச்சியிலிருந்து சரிகிற மாதிரியே இருக்கும். நான் நாலாம் நாளிலேயே பாலம் தாண்டினேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லவே கூச்சப்படுகிற எனக்கு, சன்னலுக்கு வெளியே தெருப் பிள்ளைகள் கூடி நின்று பார்த்தது பெரிய பெருமை.

அப்பா வள்ளத்தில் தண்டல். சங்கு குளிக்கிறவர்களைக் கொண்டுபோகும் வள்ளத்தில் சுக்கான் பிடிப்பவர் அவர்தான். அதற்கு முந்தைய ஆடியில் மேற்கே இருந்து கச்சான் காற்று அடித்து வள்ளம் கவிழ்ந்தது. மறுநாள் மத்தியானம்வரை கவிழ்ந்த வள்ளத்தின் மேல் ஒட்டிக்கொண்டு கிடந்து மீண்டு வந்தார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே நினைப்பு, அப்பாவைக் கரையேற்ற வேண்டும். அடுத்த ஆடியிலிருந்து கடலுக்கு அனுப்ப மாட்டேன் என்று மாதாவுக்கு நேர்ந்தேவிட்டாள். துறைமுகத்தில் சரக்குக் காகிதங்களை முடித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேன் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. அங்கே மேலாளராக இருந்த அண்ணாச்சி ஒருவர் மாமாவுக்குத் தெரிந்தவர். வேலை கிடைத்தால் அப்பா சாயங்காலம் வீட்டில் இருப்பார், நான் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புச் சேரலாம். இதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அம்மா சொல்லச் சொல்ல என் காதில் விழுந்தவை. மாமா கப்பலுக்குத் திரும்புவதற்குள் அப்பா வண்டி பழக வேண்டும் என்பது முடிவு.

மாமா தன் நண்பரின் ஜீப்பை வாங்கி வந்து, மைதானத்தில் கிளட்ச், பிரேக் எது என்று இரண்டு சாயங்காலம் காட்டினார். அப்பா நேராகப் போனார், நேராக நின்றார். அதற்குமேல் ஜீப் கிடைக்கவில்லை. அப்போதுதான் மாமா அந்தக் கதையை விட்டார்.

"அத்தான், இதுல கை பழகிட்டா வேன் தன்னால வரும். சிங்கப்பூர்ல இப்படித்தான் படிச்சிக் குடுக்கான்."

அப்பா அதை நம்பினார். அம்மாவும் நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்த அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கால் கழுவி, மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கார் கிளம்பியது. சாலை வலது பக்கம் வளைந்தது. கார் இடது பக்கம் போய் மலையில் மோதியது. மறுபடியும் கிளம்பியது. இந்தத் தடவை சாலை இடது பக்கம் வளைய, கார் வலது பக்கம் போய் வேலியில் மோதியது.

"இது என்ன எழவு வண்டி, சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு" என்றார் அப்பா.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சன்னலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "ஏலே, ஒங்கப்பன் கடல்ல கரையத் தேடுதான், ரோட்டுல மலையத் தேடுதான்" என்றார். நானும் சிரித்தேன். அதை இன்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது.

"ஏன் தம்பி சிரிக்க? அவுக கை கடலுக்குப் பழகுன கை. நாளாவும்" என்று அம்மா மாமாவைக் கடிந்துகொண்டாள். ஆனால் நாளாகியும் ஆகவில்லை. தினமும் சாயங்காலம் கரைக்கு வந்ததும் அப்பா உட்காருவார். தினமும் முதல் வளைவிலேயே மலை. பாலத்தை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. தெருவில் யாராவது இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று தலையைக் குனிந்து நடக்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது பேச்சு குறைந்துபோனது. எனக்கு இப்போது இருக்கும் கூச்சம் யாரிடமிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஒருநாள் நான் திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். வளைவு வலது பக்கம் வரும்போது அவர் உடம்பு சரியாக வலது பக்கம்தான் சாய்ந்தது. கண்ணும் வலது பக்கம்தான் போனது. விரல் மட்டும் இடது பட்டனை அமுக்கியது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வள்ளத்தில் சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால்தான் வள்ளத்தின் முகம் வலப்பக்கம் திரும்பும். அப்பாவோடு கரையோரம் போய்வரும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்பா காரை ஓட்டவில்லை. வள்ளத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். ஆனால் அப்பாவிடம் நீங்கள் செய்வது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறொரு வழி எனக்குத் தெரிந்திருந்தது. முன்பு உப்புக் காற்றில் ஒரு பட்டன் இறங்கி எழும்பாமல் கிடந்தபோது, மாமா அதன் வேலையை வேறொரு பட்டனுக்கு மாற்றி வைத்து ஓட்டினார். அதற்காக அவர் திரையில் திறந்த பக்கத்தில் எழுதியிருந்த ஆங்கிலம் எனக்குப் படிக்கத் தெரியாது. எத்தனையாவது வரி இடது, எத்தனையாவது வரி வலது என்று மட்டும் பார்த்து வைத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம், அம்மா மீன் அலசக் கொல்லைக்குப் போன நேரத்தில், இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றி வைத்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா உட்கார்ந்தார். முதல் வளைவு போனது. இரண்டாவது வளைவு போனது. மாமா பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. மலைகள் பக்கவாட்டில் ஓடின. எதிரே வந்த காருக்கு அவர் ஒதுங்கிய விதத்தில் ஒரு நிதானம் இருந்தது, பாறை கிடக்கும் இடம் தெரிந்தவன் வள்ளத்தை ஒதுக்குவது போல. பாலம் வந்தது. கார் பறந்து அந்தப் பக்கம் இறங்கியது.

சன்னலில் நின்ற பிள்ளைகள் கத்தினார்கள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, என்ன நடந்தது என்று தெரியாமலே மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அப்பா திரையைவிட்டுத் திரும்பி, மாமாவையோ அம்மாவையோ பார்க்காமல், என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பலமாகக் கைதட்டினேன்.

"பழகிட்டு" என்றார் அப்பா, திரையின் பக்கம் திரும்பிக்கொண்டு.

மாமா உடனே சட்டம் போட்டார். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வேனோடு வருவார், அதுவரை அத்தானைத் தவிர யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. என் திருட்டு வெளியே வராமல் போனது அதனால்தான். அந்த வாரம் முழுக்க அப்பா பாலம் தாண்டினார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருக்கும். மலையைத் தேடுகிறான் என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் தன் மச்சானைக் கூட்டிவந்து காட்டினார். அப்பா சாப்பாட்டில் மறுபடியும் பேச ஆரம்பித்தார். ஒருநாள் அம்மாவைக்கூட உட்காரவைத்து ஓட்டச் சொன்னார், அவள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்துவிட்டு ஓடிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணாச்சி வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வேனில் வந்தார். ஆள் நடமாட்டம் இல்லாத உப்பளத்துச் சாலைக்குப் போனோம். அப்பா ஓட்டும் இடத்தில், அண்ணாச்சி பக்கத்தில், மாமாவும் நானும் பின்னால். நேரான சாலையில் வேன் அழகாகப் போனது. "பரவாயில்லையே" என்று அண்ணாச்சி மாமாவைத் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் உப்புக் குவியல் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது, அந்த இடத்தில் சாலை வலது பக்கம் வளைந்தது. எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் வளைவு வந்துவிட்டது. அப்பா உடம்பை வலது பக்கம் சாய்த்து, ஸ்டீயரிங்கை இடது பக்கம் சுழற்றினார்.

வேன் வரப்பைத் தாண்டி உப்புப் பாத்திக்குள் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. அண்ணாச்சி கதவைத் திறந்து காலை வைத்தார், முழங்கால்வரை உப்புத் தண்ணீர்.

"என்ன வே, உப்பு அள்ளவா வேனைக் கொண்டாந்தீரு?" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்பா இறங்கி, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தனியாகவே வேனைத் தள்ளத் தொடங்கினார். பிறகுதான் மாமா இறங்கினார். நான் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். பயந்துவிட்டான் என்று நினைத்து மாமா என்னைத் தூக்கிக்கொண்டார்.

வேலை வேறொருவருக்குப் போனது. அம்மா மாதாவிடம் தன் நேர்ச்சையை மீறியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அப்பாவைத் தொடர்ந்து கடலுக்கு அனுப்பினாள். மாமா கப்பலுக்குப் போனார். வள்ளத்தில் ஒரு ஆள் குறைந்தபோது, ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு நானும் ஏறினேன். கம்ப்யூட்டர் உப்புக் காற்று குடித்துக் குடித்து ஒருநாள் எழும்பாமல் போனது. நான் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான பிறகு மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் காரில் மோதினால் கண்ணாடியில் கீறல் விழும், அடுத்த நிமிடம் ஒரு கீறலும் இல்லாமல் தொடக்கத்தில் வந்து நிற்கும். அதை நினைக்காத வருடம் இல்லை.

மகளின் கணினியில் அது ஓடியபோது இரைச்சல் கேட்டு அப்பாவும் வந்துவிட்டார். இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஒரு காது சுத்தமாகக் கேட்காது. இருந்தும் இது கேட்டிருக்கிறது. "ஏளா, அந்தக் காரா இது? நவுரு" என்று பேத்தியை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். சாலை வலது பக்கம் வளைந்தது. கார் இடது பக்கம் போய் மலையில் மோதியது.

"தாத்தா, ரோடு அங்க இருக்கு" என்று மகள் சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் சொன்னார்.

"ஏலே, அன்னைக்கு மாதிரி மாத்தி வையி."

"ஒங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றேன்.

"இடப்பக்கம் அம்பு போட்ட பட்டன அமுக்குனா வண்டி வலப்பக்கம் போவுது. தண்டலுக்குத் தெரியாதாலே?"

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. முழுக் கதையையும் அவளுக்கு அப்போதுதான் சொன்னேன். அவள் உடனே கேட்டாள், "தெரிஞ்சிருந்தும் வேன்ல ஏன் தாத்தா தப்பாத் திருப்புனீங்க?"

"தெரியுறது வேற, கை வேற மக்கா" என்றார் அப்பா. "ஒரு வாரம் இல்ல, ஒரு வருசம் சரியாப் பழகியிருந்தாலும் அந்த வளைவுல கை அப்படித்தான் போயிருக்கும்." இதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

மகள் எப்படியோ தேடி இடதையும் வலதையும் மாற்றிக் கொடுத்தாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அப்பா மறுபடியும் கிளம்பினார். முதல் வளைவு போனது, இரண்டாவது போனது, மலைகள் பக்கவாட்டில் ஓடின. பாலம் தாண்டி இறங்கியதும் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அன்று பார்த்த அதே பார்வை. நான் மாற்றி வைத்ததைத் தெரிந்துகொண்ட மறுநொடியில், அத்தனை பேர் நடுவே, ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு தகப்பன் மகனைப் பார்த்த பார்வை. பத்து வயதில், நான் பாராட்ட வேண்டும் என்றுதான் பார்க்கிறார் என்று நினைத்துக் கைதட்டியிருக்கிறேன்.