கடுவனும் சீருடையும்

காலை ஐந்து நாற்பது. பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்த அம்மாவின் சீருடைச் சட்டையில் ஒரு கையகலத்துக்கு ஈரம். நாற்காலிக்குப் புறங்காட்டி எங்கள் பூனை நின்றிருந்தது. தூக்கிய வால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் எங்கள் ஊர் மண்ணூருக்கு வந்துவிடும். அம்மாவிடம் இருந்தவை இரண்டே சீருடைகள். மற்றொன்று கொடியில் காயாமல் கிடந்தது. அதுவும் முந்தின நாள் பூனை மூத்திரம் அடித்ததால் துவைத்துப் போட்டதுதான். அம்மா ஈரமான இடத்தை மட்டும் அலசி, இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தாள். சூடு பட்டதும் நாற்றம் அறை முழுக்க எழுந்தது. அதைத்தான் போட்டுக்கொண்டு போனாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பூனையைக் குட்டியாக எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் அப்பா. வளர்ந்ததும் அது கடுவன் வேலையைக் காட்டத் தொடங்கியது. பீரோ, கதவு, அரிசி மூட்டை என்று எது நிமிர்ந்து நின்றாலும் அதன்மேல் பீய்ச்சி அடித்தது. அம்மா பினாயில் ஊற்றிக் கழுவினாள். கழுவிய இடத்திலேயே மறுநாளும் அடித்தது. அப்பா எதையும் கழுவிப் பார்த்ததில்லை.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் அம்மா பயிற்சியில் இருந்தாள். அந்த மாதக் கடைசியில் சிலரை மட்டும் நிரந்தரமாக்குவார்கள். நாறும் சட்டையோடு போன அன்று மாலை அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"லைன்ல அத்தினி பேர் முன்னாடி சூப்பர்வைசர் கேக்குறான், குளிச்சிட்டுத்தான் வரியாம்மான்னு."

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பூனைன்னு சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னேன். சிரிச்சானுங்க. மாட்டாஸ்பத்திரில கேட்டுட்டேன். சனிக்கிழமை இட்டுனு வரச் சொல்லிட்டாங்க. ஆபரேசன் பண்ணிட்டா அடிக்காதாம்."

"இன்னாடி, வாயில்லா ஜீவனப் போய் காயடிக்கச் சொல்றியா? ஆம்பளப் பூனைன்னா அப்டித்தான் இருக்கும்."

"அப்ப உன் ஆம்பளப் பூனை மூத்திரத்த நீ தொவை."

அப்பா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். "இன்னா கண்ணு, நம்ம புள்ளைய அறுக்க வுடலாமா?"

கூடாது என்றேன். அந்தக் கண்ணடிப்பை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

சனிக்கிழமை அம்மாவுக்கு வார விடுமுறை. இரவிலிருந்தே பூனைக்குச் சோறு வைக்காமல், குளியலறையில் அடைத்துத் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். "ஆட்டோ இட்டுனு வரேன். கதவத் தொறக்காத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனையைத் தாண்டியதும் நான் தாழ்ப்பாளை நீக்கினேன். பூனை சுவரேறிக் குதித்து ஓடியது. ஆட்டோவோடு வந்த அம்மா என்னை அடிக்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, "எம் பொண்ணு கெட்டிக்காரி" என்றார். ஒரு வாரம் பள்ளியில் இதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

பூனை இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டது. அந்த வாரம் இரண்டு முறை சீருடையில் அடித்தது. ஒரு நாள் துவைத்துக் காயவைப்பதற்குள் பஸ் போய்விட்டது. இன்னொரு நாள் பாதி ஷிப்டில் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாதக் கடைசியில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அம்மா பஸ்ஸுக்குப் போகவில்லை.

ஒன்பது நாள் கழித்து, காலை ஏழு பத்துக்கு, அப்பா வேலைக்குக் கிளம்ப ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினார். மாட்டிய வேகத்தில் கழற்றினார். பூனை உள்ளே அடித்திருந்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்றே அரை நாள் லீவு போட்டார். பூனையைக் காய்கறிக் கூடையில் அமுக்கி, துண்டால் இறுக்கிக் கட்டினார். "தலையில அடிச்சா எவன் சும்மா இருப்பான்" என்றபடி ஆட்டோவில் ஏறி மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்.

அம்மா கேட்டதுதானே நடக்கிறது, சந்தோஷப்படுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ஹெல்மெட்டை அவள்தான் கழுவினாள்.