அணைக்குள் ஒரு பிடி மண்

மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றி, உள்ளே முழுகிக் கிடக்கும் பழைய சிவன் கோயில் நந்தியின் தலை தெரிந்தால் பேப்பர்காரர்கள் போட்டோ பிடிக்க வந்துவிடுவார்கள். நந்தி முழுசாக வெளியே வந்து, அப்பால் பழைய மாதா கோயிலும் அடிவரை தெரிந்துவிட்டால் எங்கள் பங்காளிகளுக்கு இருப்புக் கொள்ளாது. அணை கட்டும்போது எங்கள் முன்னோர் விட்டுவந்த ஊரும் அங்கேதான் எங்கோ தலைகாட்டும். எங்கள் குலதெய்வம் இருந்த ஊர் அது. காலி செய்துகொண்டு வந்தபோது கோயில் மண்ணை ஒரு பிடி எடுத்துவந்து, சங்ககிரிப் பக்கம் ஒரு மேட்டுக்காட்டில் போட்டு அதன்மேல் புதுக்கோயில் கட்டினார்கள்.

இப்போது அந்தக் கோயிலையும் இடித்துப் பெரிதாகக் கட்டுவதென்று முடிவானது. அஸ்திவாரக் கடைக்காலில் போட மறுபடியும் பழைய இடத்து மண்ணே வேண்டும் என்றார் பங்காளிகளில் மூத்தவர். நான் கொண்டுவருகிறேன் என்று முந்திக்கொண்டேன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான். அசாம்வரை போயிருக்கிறேன், ஒருத்தரிடமும் வழி கேட்டதில்லை. கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிளீனர் மதிக்கமாட்டான்.

அதோடு, சின்ன வயதில் அப்பா எனக்கு அந்த இடத்தைக் காட்டியிருந்தார். நந்தியிலிருந்து தண்ணீரோரமாக நடக்க வேண்டும். கரைமேல் ஒற்றைப் பனை ஒன்று நிற்கும். அந்தப் பனை பாலமலை உச்சியில் இருக்கும் பள்ளத்துக்கு நேர்கீழே வரும்போது நின்றால் அதுதான் கோயில். அக்காவை அப்பா கூட்டிப்போகவில்லை. கட்டிக்கொடுத்தால் வேறு குலத்துக்குப் போகிறவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார். அக்காவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. நான் கிளம்புவது தெரிந்ததும் குமாரபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்து நின்றாள்.

"கோயல் கல்லையாச்சும் ஒருக்கா கண்ல பாத்துக்கறன்டா" என்றாள்.

மறுநாள் காலையில் கடைக்கால். கர்நாடகத்தில் மழை, அணைக்குத் தண்ணீர் வரத்து ஏறுகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நந்தி இருக்கும் பண்ணவாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது நந்தியின் பீடத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டிருந்தது.

நான் முன்னால் நடந்தேன். பனையைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன், இரண்டும் நேராக வந்ததும் நின்றேன். காலடியில் பாவின கற்கள் இருந்தன. "பாத்தியா" என்று அக்காவிடம் மார்தட்டிக்கொண்டேன். அவள் விழுந்து கும்பிட்டாள். கற்பூரம் ஏற்றினாள். மஞ்சள் துணியை விரித்து மண்ணை அள்ளத் தொடங்கினேன்.

வற்றின தரையில் ஒருவர் கடலை போட்டிருந்தார். தண்ணீர் ஏறுவதற்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று அவசரத்தில் இருந்தவர், எங்களைப் பார்த்து நிமிர்ந்தார்.

"ஏனுங்ணா, பட்டி மண்ணு எதுக்குங்க? உரத்துக்குங்களா?"

"இது கோயல் மண்ணுங்க" என்றேன் விறைப்பாக.

"இல்லீங்க. அந்தக் காலத்துல பயிர மேஞ்ச மாட்டப் புடிச்சு அடைக்கற பட்டிங்க இது. பாருங்க, கல்லுல கவுறு கட்டற ஓட்டை."

"பனை பள்ளத்துக்கு நேரா நிக்குதில்லீங்க?"

"அந்தப் பனைங்களா? அது பின்னால வந்ததுங்க. பழைய பனைல இடி உழுந்து எத்தனையோ வருசமாச்சு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீ பிறப்பதற்கு முன்னாலேயே இங்கே வந்தவன் நான் என்று கத்தினேன். அவர் திரும்பிக் கடலை பிடுங்கப் போய்விட்டார்.

"கேளுடா, எங்கீன்னு. கேட்டா வாயா வலிக்குது?" என்றாள் அக்கா. நான் கேட்கவில்லை. அவளே அவரிடம் போனாள். "சாமி, கோயலு எங்க இருந்துது?"

அவர் கை நீட்டிய இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. "முட்டி ஆழந்தானுங்க. நேத்துக்கூட கல்லு வெளிய தெரிஞ்சுது."

குழிக்குள் போடப்போகிற மண்ணை யார் வந்து சோதிக்கப்போகிறார்கள், இதையே கொண்டுபோய்விடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். மஞ்சள் துணியை உதறிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

காலால் தடவித் தடவிக் கருங்கல் படியைக் கண்டுபிடித்தாள். தாடையில் தண்ணீர் படக் குனிந்து கல்லுக்கடியில் கைவிட்டாள். முதலில் வந்த சேற்றை, "இது ஆத்தோட வந்த வண்டலு" என்று வீசினாள். அடுத்ததையும் வீசினாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. நான் தோண்டுகிறேன் என்றதற்கு, துணியைப் பிடி என்றாள். கடைசியில் கெட்டியாக ஒரு பிடி செம்மண் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நின்று அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

காலையில் கடைக்கால் குழியைச் சுற்றிப் பங்காளிகள் நின்றோம். குலத்தில் பிறந்து கட்டிப்போன பெண்கள் வழக்கம்போலப் பந்தல் ஓரத்தில். "போடு சாமி" என்றார் மூத்தவர் என்னிடம்.

"நானு எடுத்தாந்திருந்தா நம்ம சாமி மாட்டுப் பட்டி மேல உக்காந்திருக்குமுங்க" என்றேன் எல்லோருக்கும் கேட்க. "இது எங்கக்கா எடுத்த மண்ணு. அவதான் போடோணும்."

"கட்டிக் குடுத்த புள்ள போடற வழக்கமில்லீங்களே" என்று ஒரு குரல் வந்தது.

"அப்ப நீங்க போயி ஒரு பிடி எடுத்துட்டு வாங்க. இந்நேரம் ஆளுயரத் தண்ணி நிக்கும்."

 மூத்தவர் என்னையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு இரண்டடி நகர்ந்து வழிவிட்டார்.

அக்கா குழிக்குள் இறங்கி மண்ணைப் போட்டாள். கைகொடுத்து மேலே தூக்கிவிட்டேன்.

"அப்பா இருந்திருந்தா திட்டியிருப்பாருடா" என்றாள்.

"திட்டட்டும்" என்றேன்.