காதைத் தொட்ட கை

பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பதை ஏதோ பெரிய சேவை என்று நினைப்பவர்கள், ஒரு சாயங்காலம் எங்கள் கடலூர் கடற்கரைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். பந்து எங்கே உருள்கிறதோ அங்கே மொத்தப் பேரும் ஓடுவார்கள். "உன் எடத்துல நில்லுடி" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அது ரொம்ப நேரம் தாங்காது என்பதும் தெரியும். அதனால் ஒருத்தியும் என்னைக் கண்டு பயந்ததில்லை.

கோல் காக்க மட்டும் யாரும் வர மாட்டார்கள். கோல் அடித்தால் கைதட்டல், விட்டால் திட்டு. எவள் நிற்பாள்? மீனவக் குப்பத்திலிருந்து வந்த ஒருத்தியை நான்தான் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். அவளுக்குக் கை அவ்வளவு நீளம். எந்தச் சட்டை போட்டாலும் அதன் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும். மணலில் விழுந்து வளர்ந்தவள் என்பதால் விழுவதற்குப் பயமே கிடையாது. கொஞ்ச நாளில் அவளைத் தாண்டிப் பந்து போவதே அபூர்வமாகிவிட்டது.

அவள் அம்மாவைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. அதற்குப் பிறகு அப்பா கடல் பக்கமே போகவில்லை, வீட்டோடு முடங்கிவிட்டார். பிள்ளையை வளர்த்தது அத்தை, அப்பாவின் தங்கை. இறால் கம்பெனியில் இறால் உரிக்கிற வேலை அவருக்கு. என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"டீம்ல எடுத்தா ஹாஸ்டல்ல போட்டுப் படிக்க வெப்பாங்கன்றீங்க. கெடைச்சா படிக்கட்டும் சார். இல்லன்னா எட்டாவதோட நிறுத்திட்டு எங்கூட கம்பெனிக்கு வந்துடட்டும். ஒண்டியா என்னால முடியல."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினாலு வயதுக்குட்பட்டவர்களுக்கான மாவட்ட அணித் தேர்வு 2009-இல் சிதம்பரத்தில் நடந்தது. பிள்ளைகளுக்குத் துணையாக அத்தையும் லீவு போட்டுவிட்டு வந்தார். மைதானம் கட்டாந்தரை. நம்ம ஊர் மணலில் விழுவது மாதிரி இங்கே விழாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே! இரண்டு முழங்கையும் உரிந்து ரத்தம் வந்தது, ஆனால் ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. ஒரு பெனால்டியை அவள் விரல் நுனியால் தட்டிவிட்டபோது எதிர் டீம் பிள்ளைகளே கைதட்டினார்கள். தேர்வாளர் முதலில் கூப்பிட்டது அவளைத்தான். ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்புறம்தான் பள்ளிக்கூடத்தில் கொடுத்த வயது சர்டிபிகேட்டைப் பார்த்தார்கள். அதன்படி அவளுக்குப் பதினாலு தாண்டியிருந்தது. எட்டாவது படிக்கிற பிள்ளைதானே என்று நான் தேதியைக் கவனிக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு ஒரு வருடம் அவள் பள்ளிக்கூடமே போகாதது எனக்கு ஞாபகத்துக்கு வரவே இல்லை.

அத்தை பதறிப்போய் மேஜைக்கு முன்னால் வந்தார். "ஒரு வயசு ஜாஸ்தியா எழுதிக்கிது சார். எங்க அண்ணி மீன் விக்கப் போவணும், இவள வுட்டுட்டுப் போவ ஆளில்ல. நாலு வயசுலயே ஸ்கூலுக்கு இட்டுனு போச்சு. தலைக்கு மேல கைய சுத்திக் காதத் தொடச் சொன்னாங்க. இவளுக்குத்தான் கை நீளமாச்சே, தொட்டுட்டா. வாத்தியாரு அஞ்சு வயசுன்னு போட்டுட்டாரு."

"அப்ப அவுங்க அம்மாவ வரச் சொல்லுங்க," என்றார் தேர்வாளர்.

நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. "நான் என்ன சார் பண்ண முடியும்? பேப்பர்ல என்ன இருக்கோ அதான்," என்றார்.

எனக்கு வழக்கமான கோபம் வந்துவிட்டது. "அந்தம்மா எப்பவோ சொன்ன ஒரு பொய்யிக்கு இந்தப் பொண்ணு என்ன சார் பண்ணும்?" என்று கத்தினேன்.

அதுவரை வாயே திறக்காத அவள் என்னைப் பார்த்தாள். "எங்கம்மா பொய் சொல்லல சார். நான் நெசமாவே தொட்டன்."

அதற்கு மேல் நான் யாரோடு சண்டை போடுவது? அவளுக்கு அடுத்து நின்ற பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் மற்ற பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலோரம், என் பக்கத்தில். வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டாள். இப்போது விரல்கள் காதைத் தாண்டித் தாடை வரைக்கும் வந்தன.

"சார், அன்னைக்கு எனக்குக் காது எட்டாம இருந்திருந்தா?"

"இன்னைக்கு நீ டீம்ல இருந்திருப்பம்மா."

"அது இல்ல சார். ஸ்கூல்ல சேக்காம, அந்த ஒரு வருஷமும் அம்மா என்னயும் கூடவே மீன் விக்க இட்டுனு போயிருக்கும், இல்ல?"

ஆமாம்மா என்று மட்டும் சொன்னேன்.