பாய்லர் அறைக் குரல்

திருப்பூரில் பாண்டித்துரைக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆளைத்தான். அந்த ஆளையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை.

பாண்டித்துரை சிவகங்கைப் பக்கத்துக்காரர். பெண்சாதி போய்ச் சேர்ந்த பிறகு வெறும் வீட்டில் சோறு இறங்காமல், 2003 பொங்கல் கழிந்து பஸ் ஏறினார். ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் வேலை கிடைத்தது. விறகெரித்து, சாய மிஷின்களுக்கு நீராவி அனுப்புகிற வேலை. சாய மிஷின்கள் ஓடும் ஹாலின் ஆட்களுக்கு முன்வாசல், இவருக்குப் பின்வாசல். படுக்கையும் பாய்லரை ஒட்டிய தகர அறையில். நெருப்பை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு வேறு. ஊரே பனியன் பனியன் என்று பறந்துகொண்டிருக்க, இந்த மனுஷன் விறகோடு பேசிக்கொண்டு கிடந்தார்.

விறகு பதில் சொல்லாது. பதில் சொன்னது இடுப்பில் தொங்கிய வாக்கி-டாக்கி. மறுமுனையில் ஹால் சூப்பர்வைசர் ராசப்பன், மூலனூர்க்காரர். "அண்ணா, ஸ்டீம் கொஞ்சம் ஏத்துங்க" என்று ஆரம்பித்து, "ஏனுங்கண்ணா, குரல் ஒரு மாதிரி இருக்குது, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்று முடிப்பார். இப்படியொரு மரியாதையைப் பாண்டித்துரை ஜென்மத்தில் கேட்டதில்லை.

"ஒரு நா நம்மூட்டுக்கு வாங்கண்ணா" என்பார் ராசப்பன்.

"வாரேன் தம்பி, வாரேன்" என்று இவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். நேரில் பார்த்துவிட்டால் அந்தப் பேச்சு நின்றுபோகுமோ என்று பயம், வேறென்ன.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. பேட்டரி தீர்ந்துவிடும் என்று, "சரி" சொல்ல யாரும் வாய் திறப்பதில்லை. பட்டனை ரெண்டு தரம் அழுத்துவார்கள். எல்லா செட்டிலும் டிக் டிக் என்று கேட்கும். அழுத்தியது யார் என்று மட்டும் தெரியாது. தெரிய வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதுமில்லை.

ஆடியில் ஒரு மத்தியானம் ஹாலில் நீராவிக் குழாய் ஒழுகியது. பாண்டித்துரை மெயின் வால்வை மூடினார். ராசப்பன் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். வெகுநேரம் சத்தமில்லை.

"தம்பி, வேலை முடிஞ்சிருச்சா? வால்வைத் தொறக்கவா?" என்று கேட்டார் பாண்டித்துரை.

அதே நேரத்தில் ஆபீசிலிருந்தும் வாக்கி-டாக்கியில், விறகு லாரி வந்துவிட்டதா என்று வாட்ச்மேனை விசாரித்தார்கள். பேசிக்கொண்டிருப்பவருக்கு அடுத்தவர் பேச்சு கேட்காது, பாண்டித்துரைக்கும் கேட்கவில்லை. ராசப்பனின் செட்டில் இரண்டு குரலும் மோதி வெறும் கரகரப்பு. ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்த வாட்ச்மேன் கன்னையனுக்கு லாரிப் பேச்சு மட்டும் தெளிவாக விழுந்தது. வந்துவிட்டது என்று அவர் பட்டனை ரெண்டு தரம் அழுத்தினார்.

ராசப்பன்தான் சரி சொல்கிறார் என்று பாண்டித்துரை வால்வைத் திறந்தார். ராசப்பனின் கைகள் இரண்டும் முழங்கை வரை வெந்துபோயின.

யார் மேலும் குற்றமில்லை என்றார் முதலாளி. இனி பெயரைச் சொல்லி, கேட்டதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் வால்வில் கை வைக்க வேண்டும் என்று புதுச் சட்டமும் போட்டார். பாண்டித்துரைக்கு எதுவும் காதில் ஏறவில்லை. திறந்தது என் கைதானே என்று நெஞ்சு அரித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாற்றாளை உட்காரவைத்துவிட்டு, ஆரஞ்சு வாங்கிக்கொண்டு, ராசப்பனைச் சேர்த்திருந்த திருப்பூர் ராயபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அந்தத் தம்பி இன்னொரு முறை "அண்ணா" என்று கூப்பிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

கட்டிலில் கிடந்தது ஒல்லியான சின்ன ஆள். குரலை வைத்து இவர் மனதுக்குள் ஓர் ஆஜானுபாகுவை வளர்த்து வைத்திருந்தார். கைகள் இரண்டிலும் கட்டு. மனைவி நல்லம்மாள் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, உக்காருங்க. கம்பெனியிலிருந்து வர்றீங்களா?" என்றார் ராசப்பன்.

பாண்டித்துரை தலையாட்டினார். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்கட்டும் என்றுதான் வந்தார். அந்தக் கட்டுகளைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. பையைக் கட்டிலோரம் வைத்தார்.

வாய் பேச வராதவர் போல என்று நல்லம்மாள் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. எங்க பாய்லர் அண்ணன் மட்டும்தான் வரலீங்க" என்றார் ராசப்பன். "அவரு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. பாவம், அவருக்கு இங்க ஆருமே இல்லீங்க. பாத்தீங்கன்னா, ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லுங்க."

சொல்லிவிடுகிறேன் என்பது போல் தலையாட்டிவிட்டு, பாண்டித்துரை படியிறங்கிப் போனார்.