பேய் முகம் காட்டக்கூடாது

2002 இல் சண்டை நின்று வந்த சமாதான காலத்தில் நாங்கள் ஒரு பேய்ப்படம் எடுத்தோம். மொத்தம் பதினொரு நிமிடம். எழுதி இயக்கியது நான். கிளிநொச்சியில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் கடையொன்றில் வேலை செய்த நண்பன் கமராவைக் கொண்டுவந்தான். பேயாக நடித்தவள் என் தங்கச்சி. வேறு எந்த வீட்டில் பொம்பிளைப் பிள்ளையைப் பேயாக விடுவார்கள்?

பேய் வீட்டுக்கு நாங்கள் அலையவே இல்லை. சண்டையில் கூரை போன வீடுகள் எங்கள் மாங்குளத்தில் தாராளமாகக் கிடந்தன. மிதிவெடி அகற்றி முடித்த வளவாகப் பார்த்துப் போனோம், அவ்வளவுதான். இரவில் எடுக்க வெளிச்சமும் இல்லை, அம்மா விடவும் மாட்டார். ஆகவே கொளுத்தும் வெயிலில் கமராக் கண்ணில் நீலக் கண்ணாடித்தாளை ஒட்டி, அதை இரவு என்றோம். செத்துப்போன அப்பாவின் வேட்டியைத் தங்கச்சிக்குச் சேலையாகச் சுற்றினோம்.

முகம்தான் பிரச்சினை. பவுடரை அள்ளிப் பூசிப் பார்த்தோம். வேர்வையில் கரைந்து, மாச்சட்டிக்குள் விழுந்து எழும்பியவள் போல நின்றாள். மேக்கப்புக்கு எங்களுக்கு வழியில்லை. அவளின் நீளத் தலைமயிரை அவிழ்த்து முகத்துக்கு முன்னால் விட்டேன்.

"அண்ணா, ஒருக்காலாவது என்ர முகத்தைக் காட்டன்," என்றாள்.

"பேய் முகம் காட்டக்கூடாது," என்றேன், சினிமாவைக் கரைத்துக் குடித்தவன் மாதிரி.

கசெற் ஒன்றுதான் இருந்தது. அதுவும் யாரோ வீட்டுக் கலியாணம் பதிந்த பழசு. பிழையாய்ப் போன காட்சியைப் பின்னுக்குச் சுற்றி, அதன் மேலேயே மறுபடி எடுப்போம். கிணற்றடிக் காட்சியில் தங்கச்சி நடந்து வந்தவள் நடுவில் நின்று, மயிரை இரண்டு கையாலும் விலக்கி, "மூச்சு முட்டுதண்ணா," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவேயில்லை.

"மச்சான், இது வடிவாய்க் கிடக்கு. கடைசியில போடுவம்," என்றான் நண்பன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பேய் பல்லைக் காட்டினா ஆர் பயப்பிடுவினம்? அழி," என்றேன். அதன் மேல் அவள் குனிந்த தலையோடு நடந்து வருவதைப் பதிந்தோம்.

சனசமூக நிலையத்தில் படத்தைப் போட்டபோது ஒருவரும் பயப்படவில்லை. வேட்டிக்குக் கீழே ரப்பர்ச் செருப்புத் தெரிந்ததும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வெட்கத்தில் இரண்டு நாள் நான் தங்கச்சியோடு கதைக்கவில்லை. சண்டையில் மூடிக் கிடந்த பாதை திறந்திருந்ததால் வவுனியாவிலிருந்து வந்திருந்த மாமி மட்டும் ஆசையாகச் சீடியில் ஒரு பிரதி கொண்டுபோனார்.

பிறகு மறுபடி சண்டை. இடம் இடமாக ஓடியதில் படம் ஒட்டிய அல்பங்களை எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. 2009 இல், கடற்கரையில் ஷெல் விழுந்து தங்கச்சி போனாள். அவள் இடுப்பில் செருகியிருந்த அடையாள அட்டையைக்கூட எடுக்க முடியவில்லை. அவளை அங்கேயே மண்ணில் விட்டுவிட்டு வந்தோம்.

சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த முகாமிலிருந்து வெளியே வந்து வவுனியாவில் மாமி வீட்டில் தங்கினோம். தங்கச்சியின் படத்தை மாட்ட அம்மா ஒரு கண்ணாடிச் சட்டம் வாங்கினார். உள்ளே வைக்கப் படம் இல்லை. மாமிக்கு அந்தச் சீடி நினைவுக்கு வந்தது.

"முகம் வாற இடத்தில நிப்பாட்டினா, ஸ்ரூடியோக்காரர் படமாக்கித் தருவினம்," என்றார். அம்மா கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

எனக்குத் தெரியும். ஆனாலும் போட்டேன். எங்கேயாவது காற்றடித்து மயிர் விலகியிருக்காதா என்ற நப்பாசை.

நீல வெயிலில் தங்கச்சி நடந்தாள். செருப்புத் தெரிந்த இடத்தில் அம்மா கையை நீட்டினார்.

"நிப்பாட்டு. அது அவளின்ர காலடா." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, விடு. முகம் வரட்டும்," என்றார்.

கிணற்றடி வந்தது. குனிந்த தலை வந்தது. எனக்கு என்மேல் வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. படம் முடிந்தது.

"ஓரிடத்திலயும் முகத்தைக் காட்டேல்லையோ?" என்று கேட்டார் அம்மா.

"பேய் முகம் காட்டக்கூடாதம்மா," என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவள் பேயோடா?"

மாமி சட்டத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். கிணற்றடியில் தங்கச்சி சிரித்ததை நான் அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.