குலுக்கலில் எங்கள் பெயர் வர வேண்டாம் என்று ஜெபித்தேன்

என் மகள் ஷீபா பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் போனில் அழுதாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு தினமும் அப்படித்தான். குழந்தை அழும், இவளும் அழுவாள். மருமகன் கனடாவில் பெரிய லாரி ஓட்டுகிறார். கிளம்பினால் ஐந்து நாள் கழித்துத்தான் வீடு திரும்புவார். நர்ஸ் வேலைக்குப் படித்த பிள்ளை, எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்த பிள்ளை, பிரசவ லீவில் நான்கு சுவருக்குள் தனியாக உட்கார்ந்து அழுதாள். இங்கே மண்ணூரில் நானும் என் மனைவி எஸ்தரும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

அன்பான சபையாரே, சாட்சி நேரத்தில் நான் ஒரு முறையும் எழுந்து நின்றதில்லை. ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் பார்த்தால் எனக்கு வாய் வராது. எழுதியாவது கொடு என்று பாஸ்டர் சொன்னதால் எழுதுகிறேன். இதில் எனக்கே இன்னும் புரியாதது நிறைய இருக்கிறது. புரிந்த மாதிரி எழுத என்னால் முடியாது.

கனடாவில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட பிள்ளைகள், தாய் தகப்பனைத் தங்களோடு குடியிருக்க அழைத்துக்கொள்ளலாம். ஆனால் கேட்கிறவர்கள் அதிகம். அதனால் குலுக்கல் போடுகிறார்கள். கொரோனா வந்த வருடம் பெயர் கொடுத்தவர்களிலிருந்துதான் இன்னும் எடுக்கிறார்கள் என்று ஷீபா சொன்னாள். அந்த வருடமே அவள் எங்களுக்காகப் பெயர் கொடுத்திருந்தாள். நடுவில் ஒரு முறை சும்மா பார்த்துவிட்டு வருகிற விசாவுக்கும் போட்டோம். நாங்கள் திரும்பி வர மாட்டோம் என்று சந்தேகப்பட்டு மறுத்துவிட்டார்கள். போகவே மனமில்லாத என்னைப் பார்த்து அந்தச் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நீங்கள் எல்லோரும் எங்களுக்காக ஜெபித்தீர்கள். "இந்தக் குடும்பத்தின் பெயர் வரட்டும் ஆண்டவரே" என்று பாஸ்டர் சொன்னபோது எல்லோரும் ஆமென் என்றீர்கள். நானும் சத்தமாகச் சொன்னேன். அது பொய்.

வல்லம் வடகாலில் மரப் பேலட் அடிக்கிற கம்பெனியில் வேலை செய்கிறேன். கார் பாகங்களை அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற மரத் தட்டுகள் அவை. மரத்தோடு பூச்சி போகக் கூடாது என்று, ஒரு பெரிய அறைக்குள் வைத்துச் சூடேற்றி, முத்திரை குத்திய பிறகுதான் கப்பல் ஏற்றுவார்கள். என்னோடு வேலை செய்கிற ஏழுமலைக்கு எங்கள் விஷயம் தெரியும்.

"அண்ணே, உனக்கும் இதான். உள்ள தள்ளி சூடு காட்டி, முதுவுல ஒரு சீல் குத்திதான் அனுப்புவாங்க. பூச்சி கீச்சி இருந்தா இப்பவே சொல்லிடு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சூட்டறைக்குப் பின்னால் யாரும் வராத ஒரு இடம் உண்டு. தினமும் அங்கே போய் நின்று ஜெபித்தேன். எங்கள் பெயர் வர வேண்டாம் ஆண்டவரே. அவ்வளவுதான் என் ஜெபம்.

பயம். வேறு காரணம் இல்லை. ஷீபாவை வழியனுப்ப மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போனபோது, கழிப்பறைக்குப் போனவன் திரும்பி வரும் வழி தெரியாமல் வேறு பக்கம் போய்விட்டேன். யாரையாவது கேட்டிருக்கலாம். வெட்கமாக இருந்தது. முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றேன். எஸ்தர் தேடி வந்து கூட்டிப் போவதற்குள் மகள் உள்ளே போய்விட்டாள். கடைசியாக அவள் திரும்பிக் கையசைத்தாளாம். நான் பார்க்கவில்லை. இங்கேயே வாய் திறக்காதவன் அந்த ஊரில் போய் என்ன செய்வேன்? மகள் அங்கே தவிக்கிறாள் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் எனக்குள் இருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

குலுக்கல் நடந்தது. பெயர் வரவில்லை. எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. பிறகு எஸ்தரின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. ஜெபத்துக்குத் தன்னிடம் ஏதோ தடை இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டாள். யாரிடமெல்லாம் மனக்கசப்பு உண்டோ அவர்களையெல்லாம் தேடிப் போக ஆரம்பித்தாள். முதலில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா. தெருக்குழாய்ச் சண்டையில் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கன்னிம்மாக்கா, அன்னிக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிடு."

"இன்னாடி ஆச்சு உனக்கு? ஒடம்பு எதுனா முடியலையா?"

"அதெல்லாம் இல்லக்கா. விசாவுக்கு."

"ஓ. அப்போ என் கொடத்த நசுக்கினியே, அதுக்கும் சேத்துக் கேளு."

குடத்துக்கும் சேர்த்துக் கேட்டாள். அடுத்த நாள் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கும் தன் அண்ணி வீட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறிப் போனாள். அங்கே அவர்கள் கதவு திறக்கவே நேரமானதாம். நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தாள். நடுவில் மூன்று நாள் உபவாசம் இருந்து மயங்கி விழுந்தாள். தடை யார் என்று எனக்குத் தெரியும். நான் தண்ணீர் தெளித்து எழுப்பினேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க, உங்களுக்கு எதுனா நான் தப்பு பண்ணிகீறனா? இருந்தா சொல்லிடுங்க. இனிமே யார்கிட்ட போயி கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

சூட்டறைக்குப் பின்னால் நின்று செய்த ஜெபத்தைச் சொல்லிவிட்டேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எத்தினி நாளா?"

"கொழந்த பொறந்ததுலேர்ந்து."

"வெள்ளிக்கெழம அவ்ளோ சத்தமா ஆமென் சொன்னீங்களே?"

நான் முறத்திலிருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொடத்துக்கு வேற மன்னிப்பு கேட்டேன்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? பெத்த பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்று போனைப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

மகளிடம் நான் "சாப்டியாம்மா" என்பதற்கு மேல் போனில் பேசியதே இல்லை. அன்று பேசினேன்.

"ஷீபா, அப்பாவுக்கு அங்க வர பயம்மா. பேரு வரக்கூடாதுன்னு வேண்டிக்கினு இருந்தேன். அதனாலதான் வரலையோ இன்னாவோ."

ஷீபா சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். ஆனால் இந்த அழுகையில் பேச்சு வந்தது.

"எனக்கும் பயம்தாம்பா. கொழந்தயத் தூக்கவே பயமா இருக்கு. எங்க கீழ போட்டுடுவேனோன்னு இருக்கு. யார்கிட்டயும் சொல்லல."

"உங்கூட வேலை செய்றவங்க எல்லாம் ஆஸ்பத்திரிலதானம்மா கீறாங்க. ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா?" என்று கேட்டாள்.

என் பிள்ளை. அப்படியே என்னைப் போல.

"சரிம்மா" என்றேன். "நாளைக்கு நீ டாக்டர்கிட்ட சொல்லு. நான் பாஸ்டர்கிட்ட சொல்றேன்."

இரண்டு பேரும் சொன்னோம். பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருகிற மன நோய் அது, குணப்படுத்தலாம் என்று டாக்டர் சொல்லி மருந்து கொடுத்தாராம். வாரம் ஒரு நாள் உட்கார வைத்துப் பேசவும் ஏற்பாடு செய்தாராம். எனக்கு ஷிப்ட் முடிகிற நேரம் அவளுக்குக் காலை. அதே சூட்டறைக்குப் பின்னால் நின்று தினமும் அவளோடு பேசினேன். பெரிதாக ஒன்றும் இல்லை. குழந்தை தூங்கியதா, நீ தூங்கினாயா, இன்றைக்கு எத்தனை பேலட் அடித்தோம், ஏழுமலை என்ன கிண்டல் செய்தான், இவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாக அவள் தேறினாள். கர்த்தருக்கு நன்றி.

போன ஈஸ்டருக்கு அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மண்ணூருக்கு வந்தாள். பேரனை மடியில் வைத்தேன். என் சட்டைப் பொத்தானைப் பிடித்தவன் விடவே இல்லை. ஒரு மாதம் இருந்தார்கள். திரும்பப் போகும்போது மீனம்பாக்கத்தில் நான் முதல் வேலையாக ஒரு காவலரிடம் போய், உள்ளே போகும் வாசல் எது என்று கேட்டேன். எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காவலர் கை காட்டினார். அவ்வளவு சுலபம் அது. மகள் திரும்பிப் பார்த்துக் கையசைத்ததையும், பேரனின் கையைப் பிடித்து அசைத்துக் காட்டியதையும் இந்த முறை நான் பார்த்தேன்.

அடுத்த நாள் சூட்டறைக்குப் பின்னால் போய் நின்றேன். எங்கள் பெயர் வரட்டும் ஆண்டவரே என்று வாயில் வந்தது.

ஆண்டவர் யார் ஜெபத்தைக் கேட்டார்? எஸ்தர் கேட்டபடி பெயர் வந்திருந்தால் நான் மனதைத் திறந்திருக்க மாட்டேன். மகளும் திறந்திருக்க மாட்டாள். என் ஜெபத்தைத்தான் கேட்டார் என்றால், ஒரு தப்பும் செய்யாத எஸ்தர் ஏன் வீடு வீடாகப் போய் நின்றாள்? பாஸ்டரிடம் கேட்டேன். "எனக்கும் தெரியலப்பா" என்றார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இந்த வருடம் குலுக்கல் உண்டா இல்லையா என்றே தெரியவில்லை என்கிறாள் மகள். பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் இப்போது எங்கள் வீட்டில் ஒரே ஜெபம்தான். உங்களில் யாராவது வாயால் ஒன்றும் மனதால் ஒன்றும் கேட்டுக்கொண்டிருந்தால், மனதில் இருப்பதையே அவரிடம் சொல்லிவிடுங்கள். அசிங்கமாக இருந்தாலும் சொல்லுங்கள். என்னுடையதை அவர் அந்தச் சூட்டறைக்குப் பின்னால் நின்று தினமும் கேட்டார். கேட்டும் என்னைத் தள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை எங்களுக்காக மறுபடியும் ஜெபியுங்கள். எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு, பின்வரிசையிலிருந்து ஒரு ஆமென் கொஞ்சம் தாமதமாக வரும். சத்தமும் குறைவாக இருக்கும். அது என்னுடையது. இந்த முறை உண்மை.